கண்மாயிலிருந்து வகுப்புக்கு வந்தவன்

பொன்னாரம் பல்கலைக்கழகம் பொன்விழாக் கொண்டாடிய வருஷம், மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வலையன் கண்மாயில் பிணமாக மிதந்த முத்துராக்கு அதே கண்மாயிலிருந்து கரையேறி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வரலாற்றுத் துறைக்கு வகுப்புக்குப் போனான். துறை வாசலில் காவலாளி நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். அவன் எடுத்து நீட்டிய அட்டையில் பாசி படிந்திருந்தது, ஆனாலும் முத்திரை பல்கலைக்கழகத்தின் முத்திரையாகவே இருந்ததால் அவர் வழியை விட்டுவிட்டார்.

உள்ளே பேராசிரியை குருவம்மாள் ஜமீன் காலத்து நிலவரியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து, "உள்ள வரலாமா மேடம்?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவள் கடைசியாகக் கேட்டது தன் பதினேழாவது வயதில். பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பொங்கலுக்கு வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போன குரல் அது. அவள் திரும்பினாள். அகலக் கால் பேண்ட்டும் பூப்போட்ட சட்டையுமாக, நெற்றியில் ஒட்டிய கொடிப்பாசியோடு, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக அவளுடைய அண்ணன் நின்றான். வயது இருபத்திரண்டுதான், போனபோது இருந்த வயது.

"வாங்க, உக்காருங்க," என்றாள் குருவம்மாள். தாமதமாக வந்த மாணவனிடம் வேறு என்ன சொல்வது? பிறகு மணி அடிக்கும்வரை பாடத்தை நடத்தினாள். என்ன நடத்தினாள் என்பது பின்னால் அவளுக்கே நினைவில்லை. பிள்ளைகள் வெளியே போனதும் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே."

அவன் நிமிர்ந்து அவளுடைய நரைமுடியையும் மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாப்பாவா? அம்மா மாதிரியில்ல இருக்க."

"அம்மா வயசைத் தாண்டிட்டேன்ணே."

"அம்மா எங்க?"

"இல்லண்ணே. அப்பாவும் இல்ல."

அவன் முழங்கையிலிருந்தும் விரல்நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

"நான் கொஞ்ச நேரம்தான் உள்ள இருந்தேன் பாப்பா," என்றான். "அவங்க போகட்டும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் கையை நீட்டி அவன் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு விரல் போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. ரத்தம் இல்லை, ஆறவும் இல்லை.

அந்தப் பல்கலைக்கழகம் எழும்பிய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வானம் பார்த்த பூமியாகவும் ஆடு மேயும் புறம்போக்காகவும் கிடந்த பொட்டலில், சுற்றியிருந்த ஏழு ஊர்க்காரர்களும் நம்ம பிள்ளைகள் படிக்கட்டும் என்று தங்கள் பங்குக்கு நிலத்தை எழுதிக் கொடுக்க, மந்திரி வந்து கல் நாட்ட, முதல் வருஷம் ஓலைக் கொட்டகையில் வகுப்பு நடக்க, பட்டணத்திலிருந்து புத்தகம் மாட்டுவண்டியில் வந்து இறங்க, அப்படித்தான் அது தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வரும்போது குனிந்து வந்தவர்கள் போகும்போது வாத்தியாராகவும் வக்கீலாகவும் தாசில்தாராகவும் போனார்கள். பிறகு மணிக்கூண்டு வந்தது, ஆய்வகங்கள் வந்தன, அகலமான சாலைகளும் அவற்றின் இரு பக்கமும் வாகை மரங்களும் வந்தன. அதற்கும் பிறகு அரசாங்கத்தின் கை மெல்ல மெல்லச் சுருங்கியது. ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை, தற்காலிக ஆசிரியர்கள் நின்றபடியே தலைநரைத்தார்கள், தூரத்துக் கட்டிடங்களை வௌவால்கள் எடுத்துக்கொண்டன.

இவ்வளவுக்கும் நடுவில், நல்ல காலம் என்று எல்லோரும் சொல்லும் காலத்தில், விடுதிப் பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண்மாய்த் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டதால் வந்தது. ஒரு பையன் செத்தான். குடிக்கிற தண்ணி கொடுங்கள் என்று மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், முன்னால் நின்றவன் எம்.ஏ. படித்த முத்துராக்கு. போலீஸ் விடுதிக்குள் புகுந்தது. மறுநாள் அவனைக் காணோம், அதற்கு மறுநாள் கண்மாயில் கிடந்தான். குளிக்கப் போய் நீச்சல் தெரியாமல் மூழ்கினான் என்று அறிக்கை வந்தது. அவன் கண்மாய்க்கரை ஊர்க்காரன், நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவன். தபால்காரரான அப்பா சைக்கிளிலேயே கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். குருவம்மாள் கல்யாணப் பேச்சை எல்லாம் தள்ளிவிட்டு, அண்ணன் படித்த அதே துறையில் வந்து சேர்ந்து, படித்து, அங்கேயே ஆசிரியையும் ஆனாள். அப்பா விட்ட வழக்கை அவள் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க்கரையில் மாணவர்கள் நட்ட நடுகல்லுக்கு வருஷா வருஷம் பூப் போடுகிறவளும் அவள்தான்.

இப்போது அவன் வந்துவிட்டான். வந்தவனைப் பல்கலைக்கழகம் எப்படி வைத்துக்கொள்வது?

முதலில் தண்ணீர்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அவனுக்கு என்ன துணி மாற்றிக் கொடுத்தாலும் நனைந்தது, துவட்டத் துவட்ட ஊறியது. வகுப்பில் அவன் பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகள் வாளி வைத்தார்கள். விடுதியில் அவனுக்குக் கட்டில் கொடுத்தால் பாழாகும் என்று குளியலறையை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். பங்குனி பிறந்து குழாய்கள் காற்றை மட்டும் விடத் தொடங்கியதும், விடுதிப் பிள்ளைகள் அந்த அறை வாசலில் குடத்தை வரிசை போட்டார்கள். அவன் திண்டில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு குடமாக நிரப்பினான். நிரப்பியபடியே கதை கேட்டான். அந்தத் தண்ணீரில் சில நாள் அயிரை மீன் குஞ்சுகள் வந்தன. வேதியியல் துறையில் சோதித்துவிட்டு, "அப்படியே குடிக்காதீங்க, காய்ச்சிக் குடிங்க, இது காமாலைத் தண்ணி," என்றார்கள்.

தேர்வுப் பிரிவில், வருகைக் குறைவுக்கு விளக்கம் எழுதித் தந்தால் மிச்சமிருக்கும் இரண்டு தாளை எழுதலாம் என்றார்கள். காரணம் என்ற இடத்தில் அவன் 'நீருக்கடியில்' என்று எழுதினான், ஏற்றுக்கொண்டார்கள். அவனோடு படித்தவர்களில் சிலர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அவனை வாடா போடா என்று கூப்பிட வாய் வராமல், தம்பி என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதார்கள். டீக்கடையில் அவனுக்குக் கொடுக்கும் கிளாஸ் குடிக்கக் குடிக்க நிரம்பிக்கொண்டே இருந்ததால், டீயில் ஆடை கட்டாது என்று கடைக்காரர் மட்டும் சலித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நனைந்த காலடித் தடம் தாழ்வாரத்தில் போனால், முத்துராக்கு லைப்ரரிக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்துகொண்டு பெருக்குகிறவர்கள் துடைத்தார்கள்.

குருவம்மாள் அந்த நாட்களில் மத்தியானம் தன் அறையில் அவனுக்குச் சோறு வைத்தாள். தாளித்த கத்தரிக்காய்க் குழம்பை அவன் தண்ணீரோடு சேர்த்தே தின்றான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை வருஷமும் தன் நெஞ்சுக்குள் ஒரு பல்லைப் போல இறுகியிருந்த ஏதோ ஒன்று ஆடுவது அவளுக்குத் தெரிந்தது. வழக்கு தானாகவே முடிந்துவிடும் என்று நினைத்தாள். செத்தவனே வந்து சொன்னால் யார் மறுக்க முடியும்?

துணைவேந்தர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் பதிவாளர் அருணகிரி உட்கார்ந்திருந்தார். மேஜையில் இனிப்பு இருந்தது.

"எடுத்துக்குங்க அம்மா. உங்க வீட்டுக்கு நல்ல காரியம் நடந்திருக்கு," என்றார் துணைவேந்தர்.

"சார், அண்ணன் சாட்சி சொல்லத் தயாரா இருக்கான். அடிச்சது யாரு, கண்மாய்ல இழுத்துப் போட்டது யாரு, எல்லாம் நினைப்பு இருக்கு அவனுக்கு."

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "அதைத்தான் மேடம் பேசணும்னு சார் கூப்பிட்டாரு. உங்க அண்ணன் உயிரோட இருக்காரு, நாங்களும் சந்தோஷப்படறோம். உயிரோட இருக்கிற ஆளை யாரு கொன்னது?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"கொலைன்னா ஒரு ஆள் செத்திருக்கணும்," என்றார் அவர், பாடம் சொல்வது போல. "இங்க யாரும் சாகலையே. சாகாத ஆளுக்கு நடுகல் வெச்சிருக்கிறது அவருக்கே மரியாதை இல்லை. பொன்விழா மலர்ல அந்தப் போராட்டத்தைப் பத்தி நீங்க எழுதின அத்தியாயமும் வேண்டியதில்லை."

"அவன் மண்டையைத் தொட்டுப் பாருங்க சார்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. செலவைப் பல்கலைக்கழகம் ஏத்துக்கும்," என்றார் துணைவேந்தர்.

ஆட்சிக்குழு கூடி, பல்கலைக்கழக வரலாற்றில் போராட்டத்தில் எந்த மாணவரும் இறக்கவில்லை என்று தீர்மானம் போட்டது. கோர்ட்டில் வழக்கை ஒரே வரியில் முடித்தார்கள். நீதிபதி, "பாதிக்கப்பட்டவர் வந்திருக்கிறாரா?" என்று கேட்க, "வந்திருக்கேன்யா," என்று முத்துராக்கு கூண்டில் நின்று கையைத் தூக்க, அந்தக் கையிலிருந்து ஒழுகிய தண்ணீர் கூண்டின் மரப்படியில் ஓட, நீதிபதி நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். மறுவாரம் ஜேசிபி வந்து கண்மாய்க்கரை நடுகல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. முத்துராக்கு கரையில் நின்று, தன் பெயர் எழுதிய கல் லாரியில் ஏறுவதைப் பார்த்தான்.

"நான் வந்திருக்கக் கூடாது பாப்பா," என்றான் அன்று சாயங்காலம்.

"அப்படிச் சொல்லாதண்ணே."

"அங்கேயே கிடந்திருந்தா செத்தவனாவாவது இருந்திருப்பேன்."

துவட்டினாலும் பலனில்லை என்று தெரிந்தே முந்தானையால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

ஜேசிபி அதோடு நிற்கவில்லை. அது எதற்கு வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சம்பளம் போட வழியில்லாத பல்கலைக்கழகம், வலையன் கண்மாயையும் அதைச் சுற்றிய நிலத்தையும் ஒரு தனியார் கல்லூரிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்திருந்தது. கண்மாயைத் தூர்த்துக் கட்டிடம் வரப் போகிறது. ஏழு ஊர்க்காரர்களும் வந்து கேட்டார்கள், படிக்கக் கொடுத்த நிலத்தை நீங்கள் எப்படி விற்கலாம் என்று. பதில் சொல்ல யாரும் வெளியே வரவில்லை. மாணவர்கள் வகுப்பைவிட்டு வந்து கரையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் ஜெபராணி என்ற முதுகலை மாணவி. பீடிக் கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவுக்குப் பிறந்தவள், பேச ஆரம்பித்தால் ஒலிபெருக்கி வேண்டாம். அவள் குருவம்மாளின் வகுப்புப் பிள்ளை.

முத்துராக்கு அவர்களோடு போய் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த இடத்தில் லாரி கொட்டிய மண் குழைந்து சேறாகி, அடுத்த லாரி அதில் சக்கரம் புதைந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

போலீஸ் வேன்கள் மணிக்கூண்டுப் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்ததும் குருவம்மாள் கரைக்கு ஓடினாள். வேர்வையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிண்ணே. ஒரு தரம் போதும். என்னால முடியாது."

அவன் சிரித்தான். "நானும் வேண்டாம்னுதான் பாக்குறேன். இந்தப் பிள்ளைக கிட்ட என்ன சொல்லிட்டு எந்திரிக்க, சொல்லு."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பாப்பா," என்றான் அவன். "அப்பவும் பயமாத்தான் இருந்துச்சு."

ஜெபராணி வந்து அவள் தோளைப் பிடித்து, "மேடம், நீங்க பின்னால போங்க, நாங்க பாத்துக்கிறோம்," என்றாள். குருவம்மாள் பின்னால் போகவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில், சேற்றில், சேலையோடு உட்கார்ந்தாள்.

கலைந்து போகச் சொன்னார்கள். கலையவில்லை. அடித்தார்கள். அடி என்பது தொடங்கியபின் யாருக்கும் அது யார் மேல் விழுகிறது என்று தெரிவதில்லை. பிள்ளைகள் கரையிலிருந்து சரிவில் உருண்டார்கள், செருப்புகள் மிதந்தன, ஜெபராணி யாரையோ தன் உடம்பால் மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். குருவம்மாளின் கண்ணாடி எங்கோ போனது. கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்த அந்தக் கூட்டத்தில், பூப்போட்ட சட்டை ஒன்று எழுந்து, தடிக்கு நேராகக் கையை விரித்து, மடங்கி விழுவதை அவள் பார்த்தாள். தவழ்ந்து போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவனிடமிருந்து ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றிருந்தது. தலைமுடி காய்ந்து, சட்டை காய்ந்து, இந்தத் தடவை ரத்தம் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையசைத்தார். சான்று எழுத உட்கார்ந்தவர் கணினியில் பெயரைத் தட்டியதும் கையை எடுத்தார். "இந்தப் பேர்ல ஏற்கெனவே இறப்புப் பதிவு இருக்கும்மா. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் நான் போட முடியாது." வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

குருவம்மாள் பதிவாளருக்குப் போன் பண்ணினாள். "நீங்கதானே சார் தீர்மானம் போட்டீங்க, அவன் உயிரோட இருக்கான்னு?"

"அது ரத்தாயிருச்சு மேடம். இன்னைக்கு மத்தியானம் அவசரக் கூட்டம் போட்டு ரத்து பண்ணிட்டாங்க. பழைய அறிக்கைதான் சரி. அவரு அப்பவே தண்ணில மூழ்கித் தவறிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு யாரும் சாகலை மேடம்," என்றார்.

சுடுகாட்டில் சான்று கேட்டார்கள். ஊர் இடுகாட்டிலும் கேட்டார்கள். செத்ததாக இருந்தபோது உயிரோடு வந்தவனை, உயிரோடு இருந்தபோது செத்தவனை, எந்த மண்ணும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில், கைதாகாமல் மிச்சமிருந்த பிள்ளைகள் விடுதிக் கட்டிலில் அவனைக் கிடத்தித் தூக்கிவந்து நிர்வாகக் கட்டிடத்துக்கு முன்னாலிருந்த புல்வெளியில் இறக்கினார்கள். அலுவலகம் திறக்கும் நேரம். பதிவாளர் மாடி ஜன்னலிலிருந்து, தோண்டுவதை நிறுத்தச் சொல்லிக் காவலாளியை அனுப்பினார். காவலாளி வந்து நின்று பார்த்தார். அன்று துறை வாசலில் அடையாள அட்டை கேட்டவர்தான் அவர். ஒரு பையன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, "ஓரம் சரியா வெட்டு, கால் இடிக்கும்," என்று தானே இறங்கி வெட்டினார்.

கையெழுத்துப் போட வந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் படியில் நின்றார்கள். சிலர் மேலே போய்விட்டார்கள். சிலர் இறங்கி வந்து ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு, கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, அப்புறம் மேலே போனார்கள். குருவம்மாள் அழவில்லை. அழுவதற்குத்தான் அவளுக்கு முப்பத்தெட்டு வருஷம் இருந்ததே. கடைசிப் பிடியைப் போட்டுவிட்டு, சேறு காய்ந்த சேலையைக்கூட மாற்றாமல், ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார். பேராசிரியை என்பதால் மரியாதையாகவே பேசினார்.

"பிடிச்சு வெச்சிருக்கிற பிள்ளைகளுக்கு நான் ஜாமீன் போடறேன்," என்றாள்.

"யாருக்கு மேடம்?"

"எல்லாருக்கும்."

"உறவுன்னு என்ன எழுதறது?"

ஒருத்தனுக்குத் தங்கையாகவே இருந்து தலைநரைத்த குருவம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"அக்கான்னு எழுதுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருத்தனுக்குக் காது கிழிந்திருந்தது, ஒருத்திக்குக் கை தொங்கியது. எல்லோரும் வந்த பிறகும் அவள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபராணி எங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். "அப்படி ஒரு பேரே இங்க வரலையே மேடம்."

"உங்க வேன்ல ஏத்தினதை நான் பாத்தேன்."

"உங்களுக்கு அப்போ கண்ணாடி இல்லைன்னு சொன்னாங்களே."

குருவம்மாள் எழுந்து போகவில்லை. சுவரோரமாக இருந்த மரபெஞ்சில் நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவ வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்," என்றாள். "ஜெபராணி. எம்.ஏ. வரலாறு, ரெண்டாம் வருஷம். நேத்து மத்தியானம் உயிரோட இருந்தா. எழுதிக்குங்க."

"மேடம், உங்க வீட்ல துக்கம் நடந்திருக்கு, போய் ஓய்வெடுங்க."

"எழுதிக்குங்க."

வாசல்வரை போய்விட்ட பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். காது கிழிந்தவன் முதலில் படியேறி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஜெபராணி," என்றான் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து. கை தொங்கியவள் வந்தாள், "ஜெபராணி" என்றாள். பெஞ்சு நிறைந்ததும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக, சத்தம் போடாமல், வருகைப்பதிவு சொல்வது போல, அந்தப் பெயரையே சொன்னார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. சப்-இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த வயதான ஏட்டு அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்பா பேர் சொல்லும்மா," என்றார்.